வழியும் விழியும்



உப்பளம் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே சங்க இலக்கியம் கற்றவர் நினைவில் உமணர் வந்து நிற்பர். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மனைவி மக்களோடு காடும் மலையும் கடந்து, உள்நாட்டு ஊர்களில் விற்று வந்தவர்கள் அவர்கள். வழியில் மேடும் பள்ளமும் மிகுதி; அச்சு முறிந்தால் உதவ எவரும் இலர். ஆகவே வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே புறப்பட்டனர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் பாராட்டுகிறார். இன்று கார் வைத்திருப்போர் மாற்றுச் சக்கரம் ஒன்றை ஏற்றிச் செல்வதும் அதே முன்னெச்சரிக்கைதான்.

எனவே தம் வண்டியைத் தாமே செலுத்திக்கொண்டு விலங்குகள் வாழும் காட்டுக்குள் புகுவது தமிழர்க்குப் புதிதன்று. அன்று அது பிழைப்பு. இன்று அது பொழுதுபோக்கு. சிங்கமும் சிறுத்தையும் யானையும் உலவும் காடுகளில், வழிகாட்டி எவருமின்றிக் குடும்பத்தோடு காரில் சுற்றி வருவதை ஒருவகைச் சஃபாரி என்பர். தென்னாப்பிரிக்காவில் அது பெருவழக்கு. இலங்கையில் கட்டுப்பாட்டோடு உண்டு. இந்தியப் புலிக் காப்பகங்களில் அதற்கு இடமில்லை. ஆயினும் தமிழகத்தின் சில நெடுஞ்சாலைகள் புலிக்காட்டின் நடுவே செல்வதால், அறிந்தோ அறியாமலோ அப்பயணத்தை நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் மேற்கொள்கின்றனர். அவர்கள் காட்டில் எவ்வாறு செல்லவேண்டும், எதை எவ்வாறு காணவேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள். அதற்குத் துணை நிற்கும் நூல் ஒன்று தமிழிலேயே இருக்கிறது. பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாமே அந்நூல்.

ஒரு பழைய வழிகாட்டி

மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மா என்னும் ஊரை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன், எதிர்வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்தது. ஆதலின் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெறும். செங்கண்மா இன்றைய செங்கம். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையிலேயே அவ்வூர் இருக்கிறது. ஆகவே இந்தக் காட்டுவழி நூலின் நிலம் உப்பளத்தார்க்கு அயலானதன்று.

பிற ஆற்றுப்படைகள் புரவலனின் வள்ளன்மையை விரிவாகப் பேசும். மலைபடுகடாமோ வழியை விரிவாகப் பேசுகிறது. தினைப்புனம் காக்கும் குறவர் பன்றிக்கு அஞ்சி வைத்திருக்கும் கற்பொறிகள் எங்கே உள்ளன, யானையை விரட்ட எறியும் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், எந்தப் பாறை வழுக்கும், எதைப் பற்றிக்கொண்டு இறங்கவேண்டும் என்றெல்லாம் எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கைகளுள் நான்கு, இன்று காரில் காடு செல்வோர்க்கும் பொருந்தி நிற்கின்றன.

முதலாவது, இருளில் செல்லாமை. பொறிகள் உள்ள இடத்தில் விடியும்வரை தங்கிப் பின் செல்லுமாறு கூத்தன் கூறுகிறான். பொழுது போய்விட்டால் வீட்டுக்குள் புகுந்தாற்போலக் கற்குகையில் தங்குமாறும் கூறுகிறான். இரண்டாவது, ஒலி எழுப்பாமை. கூத்தரின் தொழிலே இசைதான். ஆயினும் மலையில் வீணே இசைக்கருவியைத் தொடவேண்டா என்கிறான். மூன்றாவது, வழியில் செல்லும்போது திடீரென்று பக்கம் நோக்காமை. மயில் ஆடினாலும், கடுவன் மூங்கிற் கிளையில் தாவினாலும், உச்சிப் பாறையில் தேனடை தொங்கினாலும் சட்டென்று திரும்பிப் பார்க்கவேண்டா. வரிசையாகச் செல்லும் அடிகள் வழிமாறும் என்பது அவன் அறிவுரை. நான்காவது, வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து வைத்துப் பின்வருவோர்க்கு அடையாளம் காட்டுதல்.

இவற்றுள் மூன்றாவதை வண்டி ஓட்டுவோர் மீண்டும் மீண்டும் நினைத்தல் வேண்டும். வழிகாட்டியோடு செல்பவர்க்கு வேலை ஒன்றே: காண்பது. தாமே ஓட்டிச் செல்பவர்க்கோ கை ஒன்றைச் செய்ய, கண் வேறொன்றைத் தேடுகிறது. காட்டுச் சாலையில் நேரும் தீங்குகள் பல இந்தப் பிளவிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே அறிந்தோர் ஒருவரை ஓட்டவும் மற்றவரைப் பார்க்கவும் விடுவர். தனியே சென்றால் வண்டியை நிறுத்தியபின்பே பார்ப்பர்.

குரூகர் பூங்காவின் வரலாறு

இவ்வகைப் பயணம் இன்றைய வடிவம் பெற்றது தென்னாப்பிரிக்காவில். 1898இல் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் குரூகர், சாபி ஆற்றை ஒட்டிய நிலத்தை விலங்குக் காப்பிடமாக அறிவித்தார். 1926இல் அது விரிந்து குரூகர் தேசியப் பூங்கா ஆயிற்று. 1927இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது அவ்வாண்டில் வந்த கார்கள் 3 மட்டுமே. இன்று அதன் பரப்பு 19,000 சதுரக் கிலோமீட்டருக்கும் மிகுதி. புதுச்சேரி ஆட்சிப்பகுதியைப் போல ஏறத்தாழ 40 மடங்கு.

அங்கே எவரும் தம் காரை ஓட்டிச் செல்லலாம். ஆனால் தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், சரளைச்சாலையில் 40 கிலோமீட்டர் என்பது மேலெல்லை. கதிரவன் மறையுமுன் முகாமுக்குள் வந்துவிட வேண்டும். பின்பு வாயில் அடைக்கப்படும். குறித்த சில இடங்களிலன்றி வண்டியை விட்டு இறங்குதல் கூடாது. சன்னல் வழியே உடலை வெளியே நீட்டலும் கூடாது. இதற்குக் காரணம் உண்டு. நாள்தோறும் வண்டிகளைக் கண்டு பழகிய சிங்கம், அவற்றைத் தீங்கு செய்யாத ஒற்றை உருவாகவே கொள்கிறது. மனிதத் தலையோ தோளோ அவ்வுருவிலிருந்து பிரிந்து தெரியும்போது அது மனிதனை அறிந்துகொள்கிறது; அஞ்சி ஓடவோ சினந்து பாயவோ செய்கிறது.

வண்டியின் காவல் இல்லாத காலத்தில் அந்நிலம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 1903இல் ஹாரி உல்ஹியூட்டர் என்னும் காவலர் குதிரையில் செல்கையில் சிங்கத்தின் வாயில் சிக்கினார். அது தம்மை இழுத்துச் செல்லும்போதே இடைக்கத்தியை உருவிக் குத்தி அதனைக் கொன்று உயிர் தப்பினார். கொங்கு நாட்டிலும் தருமபுரி வட்டாரத்திலும் நிற்கும் புலிக்குத்திக் கற்களைக் கண்டவர்க்கு இது வியப்பாகத் தோன்றாது. வேறுபாடு ஒன்றுதான்: உல்ஹியூட்டர் பிழைத்துத் தம் கதையைத் தாமே எழுதினார், புலிக்குத்திக் கல்லில் நிற்போர் பலர்க்குக் கல்லே கதை சொல்ல வேண்டியதாயிற்று.

குரூகர் பூங்காவின் புகழைப் பேசும்போது அதன் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. 1902 முதல் 1946 வரை காப்பாளராயிருந்த ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹாமில்ட்டனை அம்மண்ணின் மக்கள் ஸ்குகூசா என்று அழைத்தனர். துடைத்துப் பெருக்குபவர் என்பது அதன் பொருள். காப்பிடத்துள் வாழ்ந்த மக்களை அவர் வெளியேற்றியதை அப்பெயர் சொல்கிறது. இன்று பூங்காவின் தலைமை முகாமுக்கு அதுவே பெயர். நிறவெறிக் காலத்தில் வெள்ளையரல்லாத பயணிகளுக்குப் பாலுலே என்னும் வசதி குன்றிய சிறு முகாமே ஒதுக்கப்பட்டது. 1860இல் சென்னையிலிருந்து டிரூரோ என்னும் கப்பலில் சென்று நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தமிழரின் வழிவந்தோர்க்கும் இந்நிலைதான். தம் நாட்டுச் சிங்கத்தைக் காணச் செல்லவும் தோலின் நிறம் தடையாயிருந்தது. பின்னர் அத்தடை நீங்கியது. நேட்டால் மண்ணிலேயே, 1895 முதல் காக்கப்பட்டுவரும் ஹ்லூஹ்லூவே இம்ஃபொலோசி என்னும் காட்டில், அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட வெள்ளைக் காண்டாமிருகத்தை அத்தமிழர் இன்று தம் காரிலிருந்தே காணலாம்.

காணுமுன் கேட்டல்

மலைபடுகடாம் என்னும் பெயரே ஒலியால் அமைந்தது. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்த பெயர் அது. பாறைப் பிளவில் விழுந்த குட்டிக்காக மந்தி அலறும் ஓசை, புலி தாக்கிய கணவரின் புண் ஆறக் குறமகளிர் பாடும் பாட்டு, வேங்கைப்பூக் கொய்வோர் எழுப்பும் ஆரவாரம் என ஒரு நீண்ட பட்டியலை அதில் காணலாம். காட்டை அறிந்தவர் முதலில் செவியால் அறிந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இன்றும் புலியைக் காணவிரும்புவோர்க்கு முதற்பாடம் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைப்பதே. புலியும் சிறுத்தையும் மறைந்து நின்று பாய்பவை. தம்மைக் கண்டுகொண்டார்கள் என்று தெரிந்தால் பெரும்பாலும் வேட்டையைக் கைவிட்டுவிடும். எனவே இரைவிலங்கின் எச்சரிக்கைக் குரல் தன் கூட்டத்துக்கு மட்டுமன்று. கொல்ல வந்ததற்கும் உரிய செய்தி அது. மரத்தின் உச்சியில் அமர்ந்த மந்தி இருமுவதுபோலக் கத்தும். தரையில் புள்ளிமான் கூரிய குரல் கொடுக்கும். புள்ளிமான் எளிதில் மருள்வது. அதன் குரலை மட்டும் நம்பி விரைதல் ஏமாற்றம் தரும். மந்தியும் மானும் சேர்ந்து குரலெழுப்பினால் நம்பலாம். கடமான் தரையை உதைத்து, வாலை உயர்த்தி, மணியடித்தாற்போல ஒற்றைக் குரல் எழுப்புமாயின் பெரும்பூனை அருகிலுண்டு என்று முதிர்ந்த வேடரும் கூறுவர்.

குரல் வந்தபின் தேடவேண்டியது புலியையன்று, மானின் முகத்தை. அதன் இரு செவிகளும் எத்திசை நோக்கி விறைத்து நிற்கின்றனவோ அத்திசையில் பார்வையைச் செலுத்த வேண்டும். அங்கும் முழுப்புலியைத் தேடினால் கிடைக்காது. காட்டில் மரமும் மூங்கிலும் புல்லும் நிமிர்ந்து நிற்பவை. விலங்கின் முதுகு மட்டுமே கிடைக்கோடாக இருக்கும். அக்கிடைக்கோடு, அல்லது வாலின் ஓர் அசைவு, அல்லது செவியின் பின்புறத்து வெள்ளைப் புள்ளி கண்ணிற்படும். அதைக் கொண்டே மற்ற உறுப்புகளைக் கண் கூட்டிக்கொள்ளும்.

மண்ணும் பேசும். பூனையினம் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அதன் தடத்தில் நகக்குறி விழாது. செந்நாய், கழுதைப்புலி ஆகியவற்றின் தடத்தில் விழும். புலியின் தடத்துக்குச் சிறுத்தையின் தடம் அளவில் சிறியது. தடம் எப்போது பதிந்தது என்பதையும் அறியலாம். வண்டிச் சக்கரத்தின் கோட்டின்மேல் பாதம் பதிந்திருந்தால், வண்டி சென்றபின் விலங்கு நடந்தது. பாதத்தின்மேல் சக்கரக்கோடு ஓடியிருந்தால், விலங்கு முன்னரே சென்றுவிட்டது. விடியலில் முதல் வண்டியாகச் செல்வோர்க்கு இரவு நடந்ததெல்லாம் மண்ணில் எழுதப்பட்டிருக்கும்.

ஒவ்வொரு பூனைக்கும் தேடும் இடம் வேறு. கூட்டமாய் வாழும் சிங்கம் நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிப்பது; திறந்த புல்வெளியின் மரநிழலிலும் நீர்நிலை ஓரத்திலும் அதனைக் காணலாம். சிறுத்தை தன் இரையை மரத்தின்மேல் இழுத்துச் செல்வது. கிடையாக நீண்ட பெருங்கிளையில் தொங்கும் வாலே அதைக் காட்டிக்கொடுக்கும். புலி தண்ணீரை விரும்புவது. கோடையில் குட்டைக்குள் பின்புறமாக இறங்கி அமர்ந்திருக்கும்.

யானையைப் பொறுத்தவரை கண்டுபிடிப்பதைவிட விலகி நிற்பதே கலை. கடாம் என்னும் சொல்லுக்கு யானையின் மதநீர் என்பது பொருள். கண்ணுக்கும் செவிக்கும் இடையே, கன்னத்தில் ஈரக்கறை ஒழுகினால் அக்களிற்றுக்கு முழுச் சாலையையும் விட்டுக்கொடுத்துப் பின்வாங்க வேண்டும். குட்டியோடு வரும் பிடிக்கும் அவ்வாறே. நூலின் பெயரைப் பொருளறிந்து கற்றவன் சாலையிலும் அதனைப் பயன்கொள்வான்.

பெயரறிந்து காணல்

கண்டதைச் சரியான பெயரால் குறித்தலும் காண்பதன் ஒரு பகுதியே. வரி உடையது புலி. அதற்கு வேங்கை, உழுவை, கொடுவரி, வயமா எனப் பல பெயர்களைத் தமிழ் வைத்திருக்கிறது. பூவைப்போன்ற புள்ளி உடையது சிறுத்தை. கண்ணிலிருந்து வாய்வரை கருங்கோடு இறங்க, மெலிந்த உடலும் நீண்ட காலுமாகப் பகலில் துரத்தி வேட்டையாடுவது சிவிங்கி. செய்தித்தாள்கள் சில சிவிங்கியைச் சிறுத்தை என்றே எழுதிவிடுகின்றன. ஒட்டகச்சிவிங்கி என்னும் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. ஒட்டகம் போன்ற உருவும் சிவிங்கி போன்ற புள்ளியும் உடையது என்பது அதன் பொருள். விலங்கு போய்விட்ட நாட்டில் சொல் மட்டும் வேறொரு விலங்கின் பெயரில் ஒட்டிக்கொண்டு பிழைத்தது. இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போயிற்று என்று 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்குக் கொணரப்பட்டன. 70 ஆண்டுக்குப்பின் விலங்கு வந்தது. அதற்குரிய சொல்லைத் தமிழ் இழக்காமல் வைத்திருக்கிறது. அதனைப் பயன்படுத்துவது தமிழரின் கடன்.

ஈழத்துக் காடுகள்

இலங்கையில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. அங்கே காட்டின் தலைமை வேட்டையாடி சிறுத்தையே. ஆகவே பகலிலும் அச்சமின்றி வெளிவருகிறது. தென்கிழக்கில் யாலாவும் வடமேற்கில் வில்பத்தும் 1938இல் தேசியப் பூங்காக்கள் ஆயின. வில்பத்தின் சிறப்பு, காட்டின் இடையிடையே மழைநீர் தேங்கி நிற்கும் வில்லுகள் எனப்படும் இயற்கைக் குளங்கள். அதன் கடற்கரையில் உள்ள குதிரைமலையை அல்லி அரசாணியின் கதையோடு மக்கள் இணைத்துப் பேசுவர். உள்நாட்டுப் போரால் 1988இல் மூடப்பட்ட இப்பூங்கா 2003இல்தான் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் விலங்கு காண்போர் எவரும் அங்கே செல்ல இயலவில்லை. மனிதர் ஒருவரையொருவர் கண்டு அஞ்சும் நாட்டில் விலங்கு காணும் இன்பத்துக்கு இடமில்லை.

இப்பூங்காக்களில் சொந்த வாகனத்தில் செல்வோரும் பூங்காவின் தடங்காட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்லும் முறை உண்டு. தென்னாப்பிரிக்க முறைக்கும் இந்திய முறைக்கும் இடைப்பட்டது இது. இருந்தும் யாலாவில் ஒரு குறை நெடுநாளாகப் பேசப்படுகிறது. ஒரு சிறுத்தை கண்ணிற்பட்டால் கைப்பேசி வழியே செய்தி பரவ, நாற்புறமிருந்தும் ஜீப்புகள் விரைந்து வந்து அதனைச் சூழ்ந்துகொள்கின்றன. காண வந்தோர் கூட்டமே காட்சியைக் கெடுத்துவிடுகிறது. இசைக்கருவியைத் தொடவேண்டா என்ற கூத்தனின் சொல் இங்கே பொருந்துகிறது.

காட்டை ஊடறுக்கும் சாலைகள்

தமிழகத்தில் 5 புலிக் காப்பகங்கள் உள்ளன. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்துப் புலிகள் 76 என மதிப்பிடப்பட்டன. 2022இல் அது 306 ஆயிற்று. இது பெருமைக்குரியது. ஆனால் அப்புலிகளைக் காண்பது எளிதன்று. 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் 4 பேரின் இறப்புக்குக் காரணமாகக் கருதப்பட்ட டி23 என்னும் புலியை வனத்துறையினர் கேமராக்களோடும் கும்கி யானைகளோடும் தேடினர். பழங்குடித் தடங்காட்டிகள் உடனிருந்தனர். 21 நாள் தேடலுக்குப் பின்னரே, அக்டோபர் 15 அன்று அது உயிரோடு பிடிபட்டது. ஒரு மாலைப்பொழுதில் காரில் கடந்து செல்பவர் புலி தெரியவில்லையே என்று குறைப்படுமுன் இதனை நினைக்க வேண்டும்.

கூடலூரிலிருந்து மைசூர் செல்லும் சாலை முதுமலையையும் பந்திப்பூரையும் ஊடறுக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் செல்லும் சாலை 27 ஊசிமுனை வளைவுகளுடன் திம்பம் மலையேறிப் புலிக் காப்பகத்தின் நடுவே செல்கிறது. சாலையோரப் புதரை வெட்டுவதால் அங்கே இளம்புல் தழைக்கிறது. புல்லுக்கு மான் வருகிறது. மானுக்குப் பின்னே புலியும் சிறுத்தையும் வருகின்றன. காரப்பள்ளம் அருகே கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் நிற்கும் காட்சியைப் பலரும் கண்டிருப்பர். இரவில் முகப்புவிளக்கின் ஒளி கண்ணில் விழுந்தவுடன் மானும் முயலும் காட்டுப்பூனையும் திகைத்து அசையாமல் நின்றுவிடுகின்றன. இருளில் காண்பதற்கென்றே அமைந்த விழி, அவ்வொளியில் எதையும் காண்பதில்லை. அங்கேயே அவை சக்கரத்தில் அரைபடுகின்றன.

இதனைத் தடுக்கவே பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்து தடுக்கப்பட்டது. திம்பம் சாலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் 2022 பிப்ரவரி 10 முதல் இரவுத் தடை நடைமுறைக்கு வந்தது. இத்தடைகளை எதிர்ப்போர் சொல்வதையும் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். தாளவாடி உழவர்க்குக் காய்கறி வாடுமுன் சந்தை சேரவேண்டும். வயநாட்டு மக்களுக்கு மைசூரும் பெங்களூரும் இரவிலும் தேவை. நோயாளிக்குக் காலம் காத்திராது. காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களுக்குச் சாலை பொழுதுபோக்கன்று. எனவே உள்ளூரார்க்கும் மருத்துவ ஊர்திக்கும் விலக்களிப்பது நேர்மை. ஸ்குகூசாவின் வழி தமிழகத்துக்கு வேண்டா. ஆனால் விடுமுறைக்கு உதகைக்கும் மைசூருக்கும் செல்பவர் இரவில் அவ்வழியே விரைய வேண்டிய தேவை என்ன? பகல் முழுதும் வழி திறந்தே இருக்கிறது. இரவில் தங்கி விடியலில் செல்க என்று கூத்தன் சொன்னதற்கும் நீதிமன்றம் சொன்னதற்கும் இடையே ஏறத்தாழ 2,000 ஆண்டுகள். சொன்ன பொருள் ஒன்றே. கூத்தன் பயணியைக் காக்கச் சொன்னான். நீதிமன்றம் விலங்கைக் காக்கச் சொல்கிறது. அன்று காட்டுக்கு மனிதன் அஞ்சினான். இன்று மனிதனுக்குக் காடு அஞ்சுகிறது என்பதே இதனால் விளங்குவது.

பகலில் செல்வோர்க்கும் கடமைகள் உள. காப்பகத்தை ஊடறுக்கும் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குதல் கூடாது. குரங்குக்குத் தின்பண்டம் எறிதல் கூடாது. ஒலிப்பானை அழுத்துதல் கூடாது. முதுமலையில் நிதானமாகக் காணவிரும்புவோர் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் ஏறிச் செல்லலாம். வழியைத் துறையின் ஓட்டுநரிடம் விட்டபின் விழிக்கு முழு உரிமை கிடைக்கும். தாமே ஓட்டுவதில்தான் இன்பம் என்போர், அவ்வின்பத்துக்குரிய ஒழுக்கத்தையும் தாமே சுமக்க வேண்டும். வேகத்தைக் குறைப்பதும், யானைக்கு வழிவிடுவதும், பொழுது சாயுமுன் காட்டை விட்டு நீங்குவதும் எவரும் கண்காணிக்காத இடத்தில் செய்யப்பட வேண்டியவை.

இறுதியாக, கூத்தனின் நான்காம் அறிவுரை. புதியவர்களே, வழி பிரியும் இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து வையுங்கள் என்றான் அவன். முன்சென்றவன் பின்வருபவனை நினைக்கும் பண்பு அது. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், அப்பரிசிலுக்குப் போட்டியாக வரக்கூடியவர்க்கே வழி சொல்லும் இலக்கியம் உலகில் அரிது. காட்டில் ஒரு புலியைக் கண்டவர், அதன் இடத்தைக் கைப்பேசியில் பரப்பிக் கூட்டம் சேர்ப்பது புல் முடிவதாகாது. எவ்விடத்தில் மெதுவாகச் செல்லவேண்டும், எந்த வளைவில் யானை கடக்கும், எந்த மாதத்தில் மான்குட்டிகள் சாலைக்கு வரும் என்று அடுத்துச் செல்பவர்க்குச் சொல்வதே இன்றைய புல்முடி. உப்பளத்திலிருந்து கோடை விடுமுறைக்குப் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும் தம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லித் தரலாம். பிள்ளைகள் பின்னிருக்கையில் அமர்ந்து மந்தியின் குரலுக்குச் செவிகொடுக்கப் பழகினால், அவர்கள் வண்டி ஓட்டும் வயதை எட்டும்போது அக்குரல் காட்டில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்.